நல்லிருப்பு நாள்கள்

இன்னும் மூன்று நாள்களில் இவ்விடத்தைவிட்டுப் புறப்பட வேண்டும். பாரதப்புழையின் கரையோரம், பாலக்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அமைந்த ஆயுர்வேத நலவாழ்வு இல்லம் இது. நாங்கள் வந்து 18 நாள்கள் ஆகின்றன. எங்களுள் கணவருக்கு இடுப்பில் நோய்; மனைவி துணைக்கு வந்தவர். இக்கட்டுரையை இருவரும் கூடியே எழுதுவதால், 'நான்' என்னும் சொல்லுக்கு இதில் இடமில்லை.

எங்கள் மகளுக்கு வயது 24. பிறந்தபோதே மூளை முடக்குவாதம். நிற்கவும் நடக்கவும் இயலாதவள், பேச்சும் வாராது. ஆயினும் வீட்டில் நடப்பது யாவும் அவளுக்கு விளங்கும். மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிய பிள்ளை இன்று 42 கிலோ எடையுள்ளவள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடியும் கட்டிலுக்கு என்று நாளொன்றுக்கு எட்டு முறையேனும் அவளைத் தூக்கியாக வேண்டும். சென்ற தை மாதத்தில் ஒருநாள் காலை, தூக்கியவரால் நிமிர இயலவில்லை. திண்டுக்கல்லில் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாகக் கூறினார். அறுவை தேவையில்லை, ஓய்வும் பயிற்சியும் போதும், பாரம் மட்டும் தூக்கக்கூடாது என்றார். பாரம் என்று அவர் கூறியது எங்கள் வீட்டில் யாரைக் குறிக்கும் என்பதை அவர் அறியார்.

ஆறு மாதம் தைலமும் மாத்திரையுமாகக் கழிந்தபின், ஆடி பிறந்ததும் பழனி, பொள்ளாச்சி வழியாக இரயிலேறி இங்கு வந்து சேர்ந்தோம். மலையாளிகளுக்கு இது கர்க்கடக மாதம். மழைக்காலத்தில் உடம்பு இளகி மருந்தை ஏற்கும் என்பதால் சிகிச்சைக்கு இதுவே உகந்த பருவம் என்பர் வைத்தியர். இதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முற்காலத்தில் இம்மாதத்துக்குப் 'பஞ்சக் கர்க்கடகம்' என்றே பெயர். மழையினால் வயல்வேலை நின்றுவிடும், பத்தாயமும் வெறுமையாகும். செய்வதற்கு வேலையில்லாத மாதமே உடம்பைப் பழுதுபார்க்கும் மாதமாயிற்று போலும். இங்கே விடியற்காலையில் தரப்படும் மருந்துக் கஞ்சியும் அப்பஞ்ச காலத்தின் நினைவாகவே எங்களுக்குப் படுகிறது: ஞவரை அரிசி, வெந்தயம், சுக்கு, மலையாளிகள் 'தசபுஷ்பம்' என்று போற்றும் பத்து மூலிகைகள். பெயர்தான் புஷ்பம், அவற்றுள் அருகம்புல்லும் கரிசலாங்கண்ணியும் உண்டு.

சிகிச்சை நாங்கள் எண்ணியதுபோல் எடுத்தவுடன் எண்ணெயில் முழுகுவதன்று. முதலில் பொடி மூட்டைகளால் உலர்ந்த ஒற்றடம். அடுத்து இலைக்கிழி, ஆமணக்கு, நொச்சி, எருக்கு, முருங்கை இலைகளைத் தேங்காய்த் துருவலோடும் எலுமிச்சையோடும் வதக்கி மூட்டையாகக் கட்டி, சூடான எண்ணெயில் தோய்த்து ஒற்றுகின்றனர். பின்னர் கடிவஸ்தி. உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பின்மீது வட்டமாக வரப்புக் கட்டி, அதனுள் இளஞ்சூடான தைலத்தை நிரப்பி, ஆற ஆற மாற்றுகின்றனர். குப்புறப் படுத்திருப்பவர், தம் முதுகில் ஒரு குளம் வெட்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். இறுதி நாள்களில் ஞவரக்கிழி. அறுபது நாளில் விளையும் ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி வேர்க் கஷாயத்திலும் குழைய வேகவைத்துத் துணியில் கட்டித் தேய்க்கின்றனர். மெலிந்த தசைக்கு உரமூட்டுவது என்பர். வெந்நீராடியபின் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை இராஸ்னாதிப் பொடியைத் தேய்த்துவிடாமல் எவரையும் வெளியே அனுப்புவதில்லை.

பலன் உண்டா என்றால், உண்டு. வந்த நாளில் சுவரைப் பிடித்து நடந்தவர், இப்போது முற்றத்தின் நீளம் முழுவதையும் தடையின்றிக் கடக்கிறார். இடக்காலில் இறங்கிய மரமரப்பு கணுக்காலோடு நின்றுவிட்டது. இது தைலத்தின் வேலையா, 18 நாள்களாக ஒரு குடத்தைக்கூடத் தூக்காததன் வேலையா என்று இங்குள்ள இளம் மருத்துவரிடம் கேட்டோம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "இரண்டும்தான். தைலத்தைக் குப்பியில் கொடுத்தனுப்ப முடியும். மற்றதை எதில் ஊற்றிக் கொடுப்பது?" என்றார். அவ்வினா அன்று முதல் எங்களைவிட்டு அகலவில்லை.

இங்கு வந்திருப்போர் பலவகையினர். உடல் மெலிய வந்தோர் சிலர். வளைகுடா நாட்டிலிருந்து ஆண்டு விடுமுறையில் வந்தோர் சிலர். ஆற்றையும் மழையையும் நிழற்படம் எடுப்பதற்கே வந்தவர்போல் காணப்படும் வெளிநாட்டார் இருவர். 'நலவாழ்வு' என்னும் சொல் இக்காலத்தில் விருந்தினர் விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் மிகுதியாக ஏறிவிட்டது. ஆனால் விடியற்காலையில் கஷாயக் கிண்ணத்தை ஏந்தி முகத்தைச் சுளிக்கும்போது எல்லாரும் ஒன்றே.

படிப்பறையில் ஒரு நூலைக் கண்டோம். டச்சுக்காரர் கொச்சியை ஆண்டபோது, ஆளுநர் வான் ரீடு மலையாளத்து மூலிகைகளைத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' என்னும் இலத்தீன் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது; கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் வெளியிட்டது. மூலிகைகளின் பயனை எடுத்துரைத்தவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன். அப்பணியின் தொடக்கத்தில் துணைநின்றவர் கார்மேல் சபைத் துறவியான மத்தேயு அடிகள். ஒரு வைத்தியர், ஒரு துறவி, ஒரு டச்சு அதிகாரி. ஒருவர் மொழி மற்றவர்க்கு அரைகுறையாகவே விளங்கியிருக்கும். எனினும், ஒரு செடியை நடுவில் வைத்து மூவரும் சூழ அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணி மகிழ்ந்தோம். மழை வலுத்த பிற்பகல்களில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை.

நேற்று மருத்துவர் எங்களை அழைத்து, வீடு திரும்பியபின் செய்ய வேண்டியவற்றைக் கூறினார். அப்போதுதான் 'நல்லிரிக்க' என்னும் மலையாளச் சொல்லை முதன்முதலாகக் கேட்டோம். நம் தமிழில் நல்லிருப்பு எனலாம். எத்தனை நாள் சிகிச்சையோ, அத்தனை நாள் அதன்பின் ஓய்ந்திருத்தல் வேண்டும். எனவே எங்களுக்கு மேலும் 21 நாள்கள். சிகிச்சையால் இளகிய உடம்பு புதிதாய்ப் பூசிய சுவர் போன்றதாம். காயுமுன் சாய்ந்தால் பூச்சு உதிரும். உரத்துப் பேசலாகாது, நெடுநேரம் உட்காரலாகாது, மிகுதியாக நடக்கலாகாது, பகலில் உறங்கலாகாது, முன்னுண்டது செரியாமுன் உண்ணலாகாது என்று சரக நூலின் விலக்குகளை அவர் அடுக்கினார். அவற்றுள் ஒன்று, குலுங்கும் ஊர்தியில் செல்லலாகாது என்பது. பேருந்தில் குலுங்காமல் ஊர் திரும்பிய நோயாளி எவரேனும் உண்டா என்று கேட்க வாயெடுத்து, உரத்துப் பேசலாகாது என்பதால் அடங்கினோம்.

பாரம் தூக்குவதைப்பற்றிப் பேச்சு வந்தபோது மருத்துவரின் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் எடையைக் கேட்டார், சொன்னோம். நோயாளியைக் கையால் தூக்கும் செவிலியருக்கு, வசதியான நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோவே வரம்பு என்று அமெரிக்க ஆய்வாளர் 2007-ல் பரிந்துரைத்ததை எடுத்துக் கூறினார். பின்னர் மனைவியின் பக்கம் திரும்பி, "இவர் தூக்கக்கூடாது என்றால் நீங்கள் தூக்குவீர்கள். அடுத்த கர்க்கடகத்தில் இதே அறையில் நீங்கள் படுத்திருப்பீர்கள், இவர் துணைக்கு இருப்பார். மகளோடு யார் இருப்பார்?" என்று கேட்டார்.

யார் இருப்பார்? இந்த 18 நாள்களும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் தங்கி மகளைப் பார்த்துக்கொள்பவர்கள் மனைவியின் தங்கையும் அவர் மகனும். பையன் வலுவுள்ளவன், அக்காளைப் பூங்கொத்தைப்போல் தூக்கிவிடுகிறான். ஆனால் அடுத்த வாரம் அவனுக்குக் கல்லூரி திறக்கிறது. தங்கை மட்டும் ஆவணி முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பெண்கள் இருவர், எழுந்து உதவத் துடித்துக்கொண்டு ஓர் ஆடவர், 42 கிலோ எடையுள்ள மகள். அன்றிரவு மழையின் ஓசையைக் கேட்டவாறு இருவரும் நெடுநேரம் விழித்திருந்தோம். இரவில் கண்விழிக்கலாகாது என்பதும் விலக்குகளுள் ஒன்றுதான்.

விடை கிடைத்தது சிகிச்சை அறையில். பருத்த உடம்பினரையும் எண்ணெய் வழுக்கும் மரத்தோணியில் புரட்டியும் நகர்த்தியும் நாள்தோறும் வேலை செய்கிற சிகிச்சையாளர் இருவர் அங்கு உளர். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். உங்களுக்கு இடுப்புவலி வருவதில்லையா என்று இன்று காலை வினவினோம். "நாங்கள் யாரையும் தூக்குவதில்லையே, அம்மா" என்றார் மூத்தவர். தூக்காமல் எவ்வாறு என்பதை அப்போதே செய்துகாட்டினார். இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களுள் முதியோரையோ நோயாளரையோ இல்லத்தில் பேணுவோர் பலர் இருப்பர். அவர்களுக்காக இதனைச் சற்றே விரித்தெழுதுகிறோம்.

தடித்த பருத்தி விரிப்பு ஒன்று வேண்டும். படுத்திருப்பவரை ஒருபக்கமாக ஒருக்களித்து, விரிப்பின் பாதியைச் சுருட்டி முதுகோரம் செருகி, மறுபக்கம் ஒருக்களித்து இழுத்தால் விரிப்பு அடியில் வந்துவிடும். மாற்ற வேண்டிய கட்டிலை ஒட்டிப் போட்டு, இரண்டும் ஒரே உயரமாயிருக்கச் செய்ய வேண்டும். சக்கரம் இருந்தால் பூட்டிவிட வேண்டும். பக்கத்துக்கு ஒருவர் நின்று, விரிப்பின் ஓரத்தை உடம்புக்கு நெருக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். பிறகு கையால் தூக்காமல், முன்காலிலிருந்து பின்காலுக்குத் தம் எடையை மாற்றினால் போதும். படுத்திருப்பவர் விரிப்போடு வழுக்கி வந்துவிடுவார். நாற்காலிக்கு மாற்றுவதாயின், கைப்பிடி கழற்றக்கூடிய சக்கர நாற்காலியும் இழைத்து வழவழப்பாக்கிய பலகை ஒன்றும் தேவை. மனைவி இதை ஏழெட்டு முறை செய்து பழகினார். தோணியில் படுத்துப் பாரமாக நடித்தவர் இளைய சிகிச்சையாளர். கணவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். அதுவே அவருக்குக் கடினமாயிருந்தது.

மூத்தவர் மற்றொன்றையும் வற்புறுத்தினார். நகர்த்துமுன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ண வேண்டும். இழுப்பவர் இருவரும் ஒருசேர இழுப்பதற்கு மட்டுமன்று. படுத்திருப்பவர் கேட்டு ஆயத்தமாவதற்கும்தான். அறியாமல் அசைக்கப்படும் உடம்பு அஞ்சி விறைக்கும்; விறைத்த உடம்பின் எடை இருமடங்காய்த் தோன்றும் என்றார். நிமிராமல் போன அந்தத் தை மாதக் காலையில் எங்கள் மகளின் கைகால்கள் விறைத்திருந்ததை இருவரும் நினைத்துக்கொண்டோம்.

மதிய உணவுக்குப்பின் தொலைபேசியில் தங்கையை அழைத்து எல்லாவற்றையும் சொன்னோம். கட்டிலின் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து நாற்காலியின் உயரத்துக்குக் கொண்டுவரத் தச்சரிடம் சொல்லியாயிற்று. பலகைக்கும் அளவு கொடுத்தாயிற்று. மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் நோயாளியைத் தூக்கும் கைநெம்பு இயந்திரத்தை மாத வாடகைக்குத் தருகிறார்களாம். பையன் கல்லூரிக்குப் போகுமுன் விசாரித்து வருவான். இத்தனையும் ஒரு கட்டிலைச் சுற்றி அடங்குமா என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். விரிப்பை மட்டும் நாளை இங்கேயே கடைவீதியில் வாங்கிவிடுவோம். மலையாள நாட்டுக் கைத்தறி தடிப்பாயிருக்கிறது.

மாலையில் தங்கை மீண்டும் அழைத்தாள். பழைய போர்வை ஒன்றை வைத்து, அவளும் பையனும் அதற்குள் செய்து பார்த்துவிட்டார்கள். தூக்காமலே மகள் மறுகட்டிலுக்கு வந்துவிட்டாளாம். ஒரு தொல்லை மட்டும் இருக்கிறதாம்: இரண்டு என்று சொல்லும்போதே சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள், மூன்று வருவதற்குள் எல்லாரும் சிரித்து விரிப்பை விட்டுவிடுகிறார்கள். மூத்தவரிடம் கேட்டு, வேறு எண்ணிக்கை ஏதேனும் உண்டா என்று சொல்லுங்கள் என்கிறாள்.