பத்துப் பாட்டு, 3.8 கோடிப் பிரதி

அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் எது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ என்பார்கள். உலகக் கணக்குக்கு அந்தப் பதில் சரி. அமெரிக்கக் கணக்கு வேறு. அந்நாட்டு ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 2018 ஆகஸ்டில் வழங்கிய சான்றின்படி, முதலிடம் ஈகிள்ஸ் குழுவின் ‘தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் (1971–1975)’ தொகுப்புக்குப் போனது. அதற்கு 3.8 கோடிப் பிரதிகள். அப்போது ‘திரில்லர்’ 3.3 கோடியில் நின்றது. இத்தனைக்கும் இந்தத் தொகுப்பில் புதிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஏற்கெனவே நான்கு ஆல்பங்களில் வந்த பத்துப் பாட்டுகள்தான். பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றிக் கம்பெனி காசு பார்த்தது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். முழு ஆல்பத்தைக் கேட்கப் பொறுமையில்லாதவர்கள் வாங்கிய சரக்கு என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் 3.8 கோடிக்குக் கணக்கு நேராகாது. நல்ல தொகுப்பு என்பது தனிப் படைப்பு; மூல ஆல்பங்கள் தம் பாட்டுகளுக்குத் தகுந்த இடம் தரத் தவறும்போதுதான் அது பெரிதாக வெல்கிறது என்பது என் கட்சி.

முதலில் கம்பெனியின் பங்கைப் பார்த்துவிடலாம். 1975 கடைசியில் ஈகிள்ஸ் குழுவிலிருந்து பெர்னி லெடன் விலகினார். ஜோ வால்ஷ் உள்ளே வந்தார். அடுத்த ஆல்பமான ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வின் ஒலிப்பதிவு 1976-இன் பெரும்பகுதியை விழுங்கியது, அது கடைக்கு வந்தது டிசம்பரில். இடையில் ஓராண்டு வெறுமையாகக் கிடக்க எந்தக் கம்பெனியும் விடாது. அசைலம் ரெக்கார்ட்ஸ் 1976 பிப்ரவரியில் இந்தத் தொகுப்பை இறக்கியது. ஸ்டுடியோ வாடகை இல்லை, புது ஒலிப்பதிவுச் செலவு இல்லை. எங்களைக் கலந்துகொண்டா செய்தார்கள் என்ற மனக்குறை குழுவினருக்கு இருந்தது, வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நோக்கம் பணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நோக்கத்தைச் சொல்லிவிட்டால் விளைவை விளக்கியதாகிவிடாது. ஜானி மேத்திஸின் 1958 தொகுப்பு 490 வாரம் விற்பனைப் பட்டியலில் நின்று வழிகாட்டிய பிறகு, எல்லாக் கம்பெனிகளும் இதே காரியத்தை இதே நோக்கத்தோடு செய்தன. அவற்றில் பெரும்பாலானவை தள்ளுபடி விலைக் கூடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே தந்திரம் ஓரிடத்தில் கோடியையும் வேறிடத்தில் கூடையையும் தருமானால், காரணத்தைத் தந்திரத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

தொகுப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடத் தொடங்குகிறது. பெயர் ‘மாபெரும் வெற்றிப் பாடல்கள்’ என்று சொல்கிறதே தவிர, பத்தில் இரண்டு அப்போது வெற்றிப் பாடல்களே அல்ல. ‘டெஸ்பராடோ’ சிங்கிளாக வெளிவரவே இல்லை. அதை முதலில் பரவலாக்கியது, இவர்கள் ஒரு காலத்தில் பக்கவாத்தியம் வாசித்துக்கொடுத்த லிண்டா ரான்ஸ்டாட்டின் குரல். ‘டக்கீலா சன்ரைஸ்’ சிங்கிளாக வந்து பில்போர்டு பட்டியலில் 64-ஆம் இடத்தோடு நின்றுபோனது. அதே ஆல்பத்திலிருந்து வந்த ‘அவுட்லா மேன்’ 59 வரை ஏறியது. எண்ணை மட்டும் பார்த்துத் தொகுத்திருந்தால் உள்ளே வந்திருக்க வேண்டியது ‘அவுட்லா மேன்’. அது வெளியே நின்றது. 77-ஆம் இடத்தைத் தொட்ட ‘ஜேம்ஸ் டீன்’ பாட்டும் வெளியே நின்றது. குழுவின் குரல் எந்தப் பாட்டில் தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்துத்தான் யாரோ தேர்ந்திருக்கிறார்கள். வரிசையிலும் அந்தக் காது தெரிகிறது. கால வரிசை கிடையாது. 1972-இன் ‘டேக் இட் ஈஸி’, ‘விச்சி உமன்’ இரண்டும் முடிந்ததும் 1975-இன் ‘லையின் ஐஸ்’ வருகிறது. முதல் பக்கம் ‘டெஸ்பராடோ’வின் பியானோவில் அடங்குகிறது, தட்டைத் திருப்பிப் போட்டால் ‘ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்’ பேஸ் கிட்டாரோடு எழுகிறது, கடைசியில் ‘பெஸ்ட் ஆஃப் மை லவ்’ வந்து மெல்ல முடிக்கிறது. நான்கு ஆண்டு, இரண்டு தயாரிப்பாளர்கள், லண்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஒலிப்பதிவுகள். எல்லாம் ஒரே அமர்வில் பாடியதுபோல 43 நிமிடத்தில் ஒட்டி நிற்கின்றன. இது எடிட்டர் செய்யும் வேலை.

இனி என் வாதத்தின் மையம். இந்தப் பாட்டுகள் முதலில் குடியிருந்த ஆல்பங்களைப் பாருங்கள். முதல் ஆல்பம் பட்டியலில் 22-ஆம் இடம் வரை போனது. ‘டெஸ்பராடோ’ 41-ஐத் தாண்டவில்லை. ‘ஆன் தி பார்டர்’ 17. நான்காவதான ‘ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்’ மட்டுமே முதலிடம் கண்டது. அதாவது, பத்தில் ஏழு பாட்டுகள் நடுத்தரமாக ஓடிய மூன்று ஆல்பங்களில் கிடந்தன. ரேடியோவில் கேட்டவர்கள் பலர் அந்தத் தட்டுகளை வாங்கியிருக்கவில்லை. அவர்களுக்கு 1976-இன் தொகுப்பு கையில் கிடைத்த முதல் ஈகிள்ஸ் ஆல்பம். இதற்கு எதிர்ச்சோதனையும் கைவசம் இருக்கிறது. 1982-இல் இதே குழுவின் இரண்டாம் தொகுப்பு வந்தது. அதிலும் பத்துப் பாட்டுதான். முதல் தொகுப்பில் பட்டியலின் முதலிடம் பிடித்த பாட்டுகள் இரண்டு; இதிலோ ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, ‘நியூ கிட் இன் டவுன்’, ‘ஹார்ட்ஏக் டுநைட்’ என மூன்று. பாட்டின் புகழே விற்பனையைத் தீர்மானிக்கும் என்றால் இரண்டாவதுதான் முந்தியிருக்க வேண்டும். நடந்தது என்ன? அதற்குக் கிடைத்த சான்று 1.1 கோடி, நல்ல தொகைதான், ஆனால் முதலாவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வின் பாட்டுகளுக்கு ஏற்கெனவே நல்ல வீடு இருந்தது. அந்த ஆல்பமே 2.6 கோடிக்குச் சான்று பெற்றது. அதை வாங்கி வைத்திருந்தவருக்கு இரண்டாம் தொகுப்பின் பத்தில் நான்கு பாட்டுகள் தேவைப்படவில்லை. குழு 1980-இல் கலைந்துவிட்டதே, அதனால்தான் விற்பனை குறைந்தது என்று சிலர் சொல்லலாம். கலைந்த பிறகும் இரண்டு தொகுப்புகளும் கடையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. வாங்க வந்தவர்கள் முதலாவதையே அதிகம் எடுத்துப் போனார்கள்.

மற்றக் குழுக்களின் கதையும் இதே திசையில்தான் போகிறது. பிரிட்டனில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் குவீன் குழுவின் 1981 ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. அங்கே மட்டும் 70 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பட்டியலில் அதற்கு அடுத்து நிற்பது 1992-இல், குழு ஓய்ந்து பத்தாண்டு ஆன பின் வந்த ‘அபா கோல்டு’. அமெரிக்காவில் கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 1976 தொகுப்பான ‘குரோனிகிள்’ இன்னும் விற்கிறது. அபாவும் கிரீடென்ஸும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் சிங்கிள் கலைஞர்கள். அவர்களுடைய மூல ஆல்பங்களின் பெயரைச் சட்டென்று சொல்லக்கூடிய ரசிகர் குறைவு. பாட்டுகளின் பெயரைச் சொல்ல முடியாதவர் அதைவிடக் குறைவு. மாறாக, பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973 முதல் தன் சொந்த வடிவிலேயே கோடிக்கணக்கில் விற்றது. முழுமை ஆல்பத்தில் இருந்தால் ஜனம் ஆல்பத்தை வாங்கும். பாட்டில் இருந்தால் தொகுப்பை வாங்கும். இதில் சோம்பலுக்கு எங்கே இடம்?

எண்களையே நம்பலாமா என்பது முதல் ஆட்சேபம், நியாயமானதும்கூட. அமெரிக்கச் சங்கத்தின் சான்று, கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை எண்ணுவது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியதை அல்ல. 2016-க்குப் பிறகு இணைய ஒலிபரப்பும் சேர்ந்துகொண்டது; 1,500 முறை ஒலித்தால் ஓர் ஆல்பம் என்று கணக்கு. இந்தத் தொகுப்பு 2006-இல் 2.9 கோடியில் இருந்து 2018-இல் 3.8 கோடிக்குத் தாவியதில் இந்தப் புதிய கணக்குக்கும் பங்கு உண்டு. ஆகவே ‘திரில்லரை’ வென்றதா, தோற்றதா என்ற பந்தயத்தில் எனக்கு அக்கறை இல்லை. என் வாதத்துக்கு அந்த முதலிடம் தேவையுமில்லை. புதிய கணக்குமுறை வருவதற்கு வெகு முன்பே, 1976-இல் பிளாட்டினம் என்ற சான்று அறிமுகமானபோது அதை முதன்முதலாகப் பெற்ற ஆல்பம் இது. வந்த ஒரு வாரத்திலேயே பெற்றது. 2.9 கோடியும் முழுக்க முழுக்கத் தட்டு, கேசட், சிடி காலத்துக் கணக்கு. வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் ஜனங்கள் இதைத் திரும்ப வாங்கினார்கள். தேய்ந்த கேசட்டுக்குப் பதில் சிடி வாங்கும்போது ஒருவர் தன் அலமாரியிலிருந்து எதை முதலில் மாற்றுகிறார் என்பது, அவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதற்கு நல்ல சாட்சி.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: தொகுப்பு கலைஞனின் நோக்கத்தைச் சிதைக்கிறது. ‘டெஸ்பராடோ’ ஆல்பம், பழைய மேற்கு அமெரிக்காவின் டூலின்–டால்டன் கொள்ளைக் கூட்டத்தை வைத்து ராக் இசைக்காரர்களின் வாழ்க்கையைப் பேசிய தொடர் படைப்பு. அதிலிருந்து இரண்டு பாட்டைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் கதை போய்விடுகிறது. மிஞ்சுவது மெட்டும் குரலும். பாப் மார்லியின் மறைவுக்கு மூன்று ஆண்டு கழித்து 1984-இல் வந்த ‘லெஜண்ட்’ இதைவிடக் கூர்மையான உதாரணம். பரந்த சந்தைக்காகத் தொகுக்கப்பட்ட அதில் காதலும் ஆறுதலும் முன்னே வந்தன, போர்க்குணமும் அரசியலும் பின்னே தள்ளப்பட்டன. உலகில் பெரும்பாலோர் அறிந்த மார்லி அந்த மென்மையான மார்லிதான். இந்த இழப்பு மெய்யானது, மழுப்பக் கூடாது. ஏசி/டிசி போன்ற குழுக்கள் வழக்கமான வெற்றித் தொகுப்பு வெளியிட மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்ததற்கும் மதிப்புத் தர வேண்டும். ஆனாலும் ஆல்பம்தான் இசையின் இயற்கையான அளவு என்ற எண்ணத்தின் வயதைக் கவனிக்க வேண்டும். நீண்ட நேரத் தட்டு வந்ததே 1948-இல். ராக் இசையில் ஆல்பத்தை ஒரே படைப்பாகக் கருதும் வழக்கம் வலுத்தது 1960-களின் நடுவில். அதற்கு முன் பாட்டுதான் அளவு, சிங்கிள்தான் சரக்கு. பத்தாண்டே வயதான வழக்கத்தை மீறியதற்காக 1976-இன் தொகுப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அதிகப்படி. தவிர, தொகுப்பு மூலத்தை அழிப்பதில்லை. ‘டெஸ்பராடோ’ ஆல்பம் இன்றும் கிடைக்கிறது. 41-ஆம் இடத்தோடு நின்ற ஒன்றைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கு வழி காட்டியது அந்தத் தொகுப்பின் முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டாகத்தான் இருக்கும்.

பாட்டு ஆல்பத்தை விட்டு வெளியேறினால் எங்கே போய்த் தங்கும் என்பதற்கு அரிசோனாவின் வின்ஸ்லோ ஊர் ஒரு சாட்சி. ‘டேக் இட் ஈஸி’யில் ஒரு வரியில் வந்துபோகும் பெயர் அது. 1970-களின் கடைசியில் பெருஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போனதால் பழைய 66-ஆம் எண் சாலையில் வியாபாரம் படுத்தது. 1999-இல் ஊரார் அந்த வரியின் பெயரால் ஒரு தெருமுனைப் பூங்கா அமைத்து, கிட்டாரோடு நிற்கும் வாலிபனுக்குச் சிலை வைத்தார்கள். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளுக்கு அந்தப் பாட்டு 1972-இன் எந்த ஆல்பத்தில் இருந்தது என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. பாட்டு தானாக நடமாடக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்த நடமாட்டத்துக்குத் தோதான வாகனமாக இருந்தது ரேடியோவும் இந்தத் தொகுப்பும்.

இன்று ஆளுக்கொரு பாட்டுப் பட்டியலைக் கைபேசியில் போட்டுக்கொள்ளலாம். தொகுப்புகளின் காலம் முடிந்தது என்ற பேச்சும் உண்டு. பட்டியல் போடுவது எளிதானதால் தேர்வு எளிதாகிவிடவில்லை. முந்நூறு பாட்டைச் சேர்ப்பவர் எதையும் விலக்குவதில்லை. 59-ஐ விட்டு 64-ஐ எடுக்கும் முடிவு அவருக்குத் தேவைப்படுவதே இல்லை. சிறந்த ஆல்பங்களுக்கு வரிசை போடும் விமர்சகர்கள் தொகுப்புகளைச் சேர்ப்பதா என்று தயங்குவது வழக்கம். எல்லாத் தொகுப்பையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன். விலக்கியது சரியா, வரிசை ஒட்டுகிறதா, அந்தப் பாட்டுகளுக்கு இதைவிட நல்ல இடம் வேறெங்காவது உண்டா என்று மூன்று கேள்வி கேட்கலாம். ஈகிள்ஸின் இரண்டாம் தொகுப்பு மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். முதலாவது மூன்றிலும் தேறும். அதைக் கடைச் சரக்கு என்று ஒதுக்கிவைக்க 3.8 கோடி என்ற எண் மட்டும் போதிய காரணமாகாது.