மணற்கரைக் குளம்

ஓய்வு பெற்றோருக்கு ஓய்வே தொழில் என்று எண்ணுவோர் எங்கள் முதியோர் இல்லத்துக் குளத்தங்கரைக்கு ஒருமுறை வந்து பார்த்தல் நன்று. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்தது எங்கள் இல்லம். வளவின் நடுவே நாற்பதடி நீளத்தில் ஒரு குளம். குளத்தின் நடுவே மூன்று தட்டுகளையுடைய செயற்கை நீரூற்று. இவ்விரண்டும் எங்களுக்கு அழகுப் பொருள்கள் மட்டுமல்ல, தினசரி உத்தியோகமுமாகும்.

காலையில் முதல் வேலை சருகு பொறுக்குவது. நீரில் விழுந்த இலை அழுகினால் அதுவே பாசிக்கு உரமாகிறது. மீன்களுக்கென்று சோறு அள்ளி வீசும் அன்பர்கள் இதனைக் கேட்பதில்லை. மீன் உண்ணாத சோறு பாசி உண்ணும் சோறு என்று ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டார். பலகையிலும் பாசி பிடித்துவிட்டது. ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு ஒருவர் ஆற்றுவாழைச் செடியொன்றைக் கொண்டுவந்தபோது மட்டும் நாங்கள் யாவரும் ஒருமித்து மறுத்தோம். அழகுக்காக 1905இல் இலங்கைக்கு வந்த அச்செடியை ஒழிக்க 1909இலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்றுவரை அது நம் நீர்நிலைகளை விட்டுப் போகவில்லை.

நீரூற்று வெறும் விளையாட்டென்று நானும் முதலில் நினைத்ததுண்டு. இரவில் பாசியும் நீர்ச்செடிகளும் மீன்களைப் போலவே நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொள்ளுகின்றன. ஆகவே விடியற்காலத்தில் அது மிகவும் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்நேரம் நீர் துள்ளி விழுந்தால் காற்று நீரிற் கலக்கும். பகலில், அதுவும் கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். ஆதலால் விடியுமுன் ஒரு மணி, அந்திக்குப்பின் ஒரு மணி என்பதே எங்கள் வழக்கம். விருந்தினர் வரும் ஞாயிறு பிற்பகலுக்கு மாத்திரம் விலக்குண்டு. பேரப்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லி நீரூற்றை நிறுத்திவைக்க எவரால் முடியும்?

நுளம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017இல் நாட்டில் ஓரிலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. அதன்பின் குளத்தைத் தூர்த்துவிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். குளத்தில் மீன் உண்டு. புழுவை அது விட்டுவைப்பதில்லை. ஆபத்து நீரூற்றின் மேற்தட்டிலே இருந்தது! இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டால், அங்கே தேங்கும் ஒரு கையளவு நீரில் மீன் இல்லை. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆதலின் இயந்திரம் நின்ற அன்றே தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்து விடுகிறோம். தேய்ப்பதும் முக்கியம்; முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடிருக்கும்.

சென்ற ஆண்டு பெரும் விவாதம் ஒன்று எழுந்தது. வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர், குளத்தின் அடியைச் சீமெந்தினால் பூசி நீலவர்ணம் தீட்ட நன்கொடை தர முன்வந்தார். நிர்வாகத்தினர் மகிழ்ந்தனர்; எங்களிற் பாதிப்பேரும் மகிழ்ந்தனர். மணல் குத்திப் பூவல் தோண்டி நீர் அள்ளிய பழைய கைகள் மட்டும் தயங்கின.

இந்நிலத்தின் அடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே நாற்பதடி உப்பு ஏறும். மாரி மழை மணலுக்குள் இறங்குவதனாலேயே எங்கள் கிணறு இனிக்கிறது. குளத்தை அடைத்துவிட்டால் அங்கு விழும் மழை நிலத்துக்குள் போகாது. கோடையில் நாளொன்றுக்குக் கால் அங்குலம் ஆவியாகும் நீரையோ கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றவேண்டிவரும். அடைக்காத குளமும் கோடையில் நிலத்துநீரை ஆவியாக இழக்கத்தான் செய்யும். ஆனால் மாரியில் அது திருப்பிக் கொடுக்கிறது.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின் கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பாயின. சுத்தம் செய்வதாக எண்ணி மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். மட்டக்களப்புப் பகுதியில் ஆராய்ந்தவர்கள், அவ்வாறு இறைத்தமையால் உப்பு விரைவில் நீங்கவில்லை, மழையே மெல்ல மெல்ல அதைக் கழுவியது என்று கண்டனர். அந்நாட்களில் பவுசர் வண்டிக்குக் குடத்துடன் காத்து நின்றவர் எங்களுள் நால்வர் உளர். கூட்டத்தில் அவர்கள் எழுந்து பேசியபோது மறுபேச்சு எழவில்லை.

நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதினோம். மனஸ்தாபம் கொள்வாரோ என்று அஞ்சினோம்; அவரோ சுற்றுக்கரைக்குக் கருங்கல்லும், வழுக்காத படிக்கட்டும், பிடித்து இறங்க ஓர் இரும்புக் கைப்பிடியும் போதுமா என்று கேட்டு எழுதினார். அடி மணலாகவே இருக்கிறது.

இவ்வாண்டு புரட்டாதியில், நீர் மிகவும் வற்றிய பின்பு, தூர் வாருவதாகத் தீர்மானித்திருக்கிறோம். கறுத்த சேற்றை மட்டும் எடுப்பது, வெள்ளை மணல் கண்டவுடன் நிறுத்துவது. சேறு வாழைகளுக்குப் போகும். சேறு அள்ள அயற்கிராமத்து இளைஞர் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர். கரையில் நின்று, "போதும் தம்பி, மணல் வந்துவிட்டது" என்று சொல்லும் பொறுப்பு தபாலதிபர் ஐயாவுக்கு.