லைனிங் துணியை நனைச்சீங்களா?

வடசென்னைக்கும் துணிக்கும் உறவு பழசு. கம்பெனி காலத்துல ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. 1717-லிருந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களைக் குடிவைத்தார். அவர் பேரில் வந்த காலெட்பேட்டை, நம்ம ஜனங்க வாயில் காலாடிப்பேட்டை ஆயிடுச்சு. (கவர்னருக்கு இது தேவைதான் :-))

அந்தப் பழைய கதை இருக்கட்டும். இது தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிற ஒரு அக்காவோட கதை. கால் மெஷின், ஒரு ஜன்னல், எம்.சி. ரோட்டில் வாங்கின லைனிங் துணி. கடை கிடையாது, போர்டும் கிடையாது.

பக்கத்துத் தெருப் பொண்ணு ஒருத்தி, தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு காட்டன் சில்க் புடவையோட ஜாக்கெட் பிட்டைக் கொடுத்துத் தைச்சுக்கிட்டா. கச்சிதமா இருந்துச்சு. ஒரு தடவை துவைச்சா. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து நிக்கிறா.

"அக்கா, கை ஏறவே மாட்டேங்குதுக்கா. முதுகெல்லாம் உப்பிக்கிட்டு நிக்குது பாரு."

மேல்துணி அப்படியே இருக்கு, உள்ளே லைனிங் மட்டும் சுருங்கிடுச்சு. அவசரத்துல அக்கா லைனிங்கை நனைக்காமலே வெட்டியிருந்தாங்க. பருத்தித் துணி தறியிலும் மில்லிலும் இழுபட்ட இழுப்போடதான் கடைக்கு வருது. தண்ணி பட்டதும் இழை தளர்ந்து பழைய அளவுக்குப் போகப் பார்க்கும். அதனால கொஞ்ச நேரம் ஊறவச்சு, முறுக்காம நிழலில் காயவச்சு, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் கத்திரி வைக்கணும். இழை போற திசை மேல்துணியிலும் லைனிங்கிலும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

புடவையோட வர்ற பிட்டுக்கு மாத்து கிடைக்காது, அதுதான் பெரிய பயம். ராத்திரி உட்கார்ந்து கழுத்து, கை, பக்கத் தையல்னு ஒவ்வொண்ணா பிளேடால பிரிச்சாங்க. தையல் பிரிக்கிறது தைக்கிறதைவிட மூணு மடங்கு வேலை. காட்டன் சில்க் வேற, ஓரத்துல பிசிறு விட்டுக்கிட்டே போகும். நல்லவேளை, பக்கத்துல துணி தாராளமா விட்டிருந்தாங்க. புது லைனிங் நனைச்சு, காயவச்சு, வெட்டி, மேல்துணியோட ஓரத்தை ஒட்டித் தைச்சு, அப்புறம் டக்கு பிடிச்சு, கழுத்து வளைவில் சின்னச் சின்னதா வெட்டு கொடுத்துத் திருப்பினாங்க. அந்த வெட்டு இல்லேன்னா கழுத்து படியவே படியாது.

அதுக்குக் கூலி? பைசா வாங்கலை. காமர்ஸ் படிக்கிறவங்க யாராவது இருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க. நூல், கொக்கி, லைனிங் விலையெல்லாம் அக்கா எழுதி வைப்பாங்க. ஒரு ராத்திரிக் கண் முழிப்பு எந்த நோட்டிலும் ஏறாது. பேரம் பேசுறவங்களுக்கு லைனிங் வச்சா ஏன் கூலி கூடன்னு புரியவும் புரியாது. கிட்டத்தட்ட ரெண்டு ஜாக்கெட் வெட்டுற வேலை அது.

இப்படி வீட்டுக்குள்ளேயே பிழைக்கிற பொம்பளைங்க நிறையப் பேர். அரசாங்கம் இலவசமா தையல் மெஷின் கொடுக்கிற திட்டத்துக்கு சத்தியவாணிமுத்து அம்மையார் பேர்தான் வச்சிருக்காங்க. பெரம்பூர் தொகுதியில் ஜெயிச்சு மந்திரியானவர், நம்ம பக்கத்து ஆள்.

மிச்சம் விழுற துண்டுகளை அக்கா தூக்கிப் போடுறதில்லை. பழைய நூல் புடவையை நாலா மடிச்சு, மேல துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஓட்டத் தையல் ஓட்டினா குழந்தைக்குப் படுக்கை விரிப்பு ரெடி. வங்காளத்தில் காந்தா, வட கன்னடத்தில் சித்தி மக்களோட கவந்தி எல்லாம் இதே வம்சம்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கறுப்பினப் பெண்கள் கிழிசல் துணியில் தைச்ச போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் மியூசியத்தில் சுவரில் மாட்டி வச்சாங்க. அவங்க நடுவில் பஞ்சு வைப்பாங்க. நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சு எதுக்கு?

சுருங்கிப்போன அந்த லைனிங்கும் அப்படி ஒரு விரிப்பில்தான் இருக்கு. கல்யாணமான தங்கச்சி குழந்தைக்குப் போயிருக்கு.