2,500 பேர்... ஒரு டஜன் மொழிகள்! - மானிங்ரிடா என்னும் அதிசய ஊர்

மானிங்ரிடாவின் கடை வாசலில் இது அன்றாடக் காட்சி. ஒருவர் புரரா மொழியில் ஏதோ கேட்பார். எதிரே நிற்பவர் ஜெப்பனா மொழியில் பதில் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் குன்வின்குவில் ஒரு கிண்டலை எடுத்துவிட, மூவரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஒரு மொழி தெரிந்தால் இன்னொன்றும் தானாகப் புரிந்துவிடும் என்று சொல்ல முடியாத தனித்தனி மொழிகள் இவை. ஆனாலும் மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. காதுக்கு எல்லா மொழியும் பழக்கம். வாய்க்கு மட்டும் அவரவர் மொழி.

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில், ஆர்ன்ஹெம் லேண்ட் பகுதியில், லிவர்பூல் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். டார்வின் நகரத்திலிருந்து சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் செம்மண் பாதைதான். மழைக்காலம் வந்துவிட்டால் அதுவும் மாதக்கணக்கில் மூடப்பட்டுவிடும். அப்போது சிறு விமானத்திலும், சரக்கு ஏற்றிவரும் தட்டைப் படகிலும்தான் ஊரின் பிழைப்பு. இது பூர்வகுடிகளின் சொந்த நிலம் என்பதால், வெளியார் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே நுழைய முடியும்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் 3.2 சதவிகிதம்தான். மானிங்ரிடாவில் கணக்கு தலைகீழ். இங்கே வாழும் சுமார் 2,500 பேரில் பெரும்பாலோர் பூர்வகுடிகள். ஜெப்பனா, புரரா, நகரா, குர்கோனி, குன்வின்கு, ரெம்பரங்கா, ஜினாங் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மொழிகள் இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் புழங்குகின்றன.

எப்படி வந்தது இத்தனை மொழி?

இது பழைய ஊர் அல்ல. 1949-ல் அரசு இங்கே ஒரு வணிக நிலையம் திறந்தது. ஒரு வருடத்திலேயே அது மூடப்பட்டது. டார்வினை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பூர்வகுடிகளை அவர்களுடைய வட்டாரத்திலேயே தங்கவைக்கும் திட்டத்தில், 1957-ல் மீண்டும் குடியிருப்பு உருவானது. கடற்கரைக்காரர்கள், ஆற்றங்கரைக்காரர்கள், பாறைக்காட்டுக்காரர்கள் என்று அதுவரை தனித்தனி நிலங்களில் வாழ்ந்த கூட்டத்தார் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவரவர் மொழியும் கூடவே வந்தது. ஊர் நிலம் ஜெப்பனா பேசும் குனிபிஜி மக்களுடையது. மற்றவர்கள் அவர்கள் மண்ணில் குடியிருப்பவர்கள். இந்த வேறுபாட்டை இன்றும் யாரும் மறப்பதில்லை.

பல மொழி அறிவதோ இங்கே புதிதல்ல. சொந்தக் குலத்துக்குள் மணம் முடிக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. அதனால் பல வீடுகளில் அப்பாவுக்கு ஒரு மொழி, அம்மாவுக்கு வேறு மொழி. பிள்ளை இரண்டையும் கேட்டு வளரும். ஆனால் 'என் மொழி' என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் அப்பாவின் மொழியை. குர்கோனியைப் பேசுபவர்கள் சில டஜன் பேர்தான். பல தலைமுறைகளாகவே அது இப்படிச் சின்ன மொழிதான். ஆனாலும் பிழைத்திருக்கிறது. காரணம், பெரிய மொழிக்காரர்கள் 'எங்கள் மொழிக்கு மாறு' என்று யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

உறவுமுறை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அப்பாவின் சகோதரரும் அப்பாதான், அம்மாவின் சகோதரியும் அம்மாதான். நம் வீட்டில் பெரியப்பா, சின்னம்மா என்கிறோமே, அதே கணக்கு. மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையே மட்டும் விதிகள் கடுமை. நேருக்கு நேர் பேசக்கூடாது. குன்வின்கு மக்களிடம் இந்த உறவுக்கென்றே தனியாக ஒரு மரியாதைப் பேச்சு உண்டு, அதன் சொற்களே வேறு!

கலையும் இப்படித்தான். மரப்பட்டையில் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்து வரையும் பாணிக்கு 'ரார்க்' என்று பெயர். அதில் பெரும் புகழ் பெற்ற இந்த வட்டாரத்துக் கலைஞர் ஒருவரின் ஓவியங்கள், 2006-ல் திறக்கப்பட்ட பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் கூரையையும் தூணையும் அலங்கரிக்கின்றன. 2024-ல் அவர் மறைந்தார். இறந்தவர் பெயரைச் சில காலம் உச்சரிக்காமல் இருப்பது அவர்கள் வழக்கம். அதனால் இங்கும் பெயர் தவிர்க்கப்படுகிறது. ஆண்களே இசைக்குழு நடத்திவந்த ஊரில், 2017-ல் பெண்கள் சேர்ந்து 'ரிப்பிள் எஃபெக்ட் பேண்ட்' தொடங்கினார்கள். ஜெப்பனா, புரரா, நகரா, குனே, ஆங்கிலம் என்று எல்லாவற்றிலும் பாடுகிறார்கள்.

வீடு போதவில்லை

இந்தப் பெருமைக்கு நடுவே ஒரு வலியும் உண்டு. ஆஸ்திரேலியர்களின் நடுவயது 38 என்றால், பூர்வகுடிகளின் நடுவயது 24. பிள்ளைகள் நிறைந்த சமூகம். வீடுகளோ போதவில்லை. ஒரே வீட்டில் பத்துப் பேருக்கு மேல் வாழ்வது இங்கே அபூர்வமல்ல. நெருக்கடியான வீட்டில் தொண்டையிலும் தோலிலும் வரும் கிருமித்தொற்று எளிதில் பரவும். அதைக் கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, இதய வால்வையே கெடுத்துவிடும். 2018-ல் ஊர்ப் பிள்ளைகளை எக்கோ கருவியால் பரிசோதித்தபோது, ஏறக்குறைய 20-ல் ஒருவருக்கு இந்த இதயநோயின் அறிகுறி தெரிந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் பல வருடங்களுக்கு. பணக்கார நாடுகள் எப்போதோ மறந்துவிட்ட நோய் இது.

பள்ளியிலும் ஒரு போராட்டம். ஜெப்பனாவிலும் புரராவிலும் பாடம் சொல்லித்தரும் இருமொழித் திட்டம் பல வருடங்களாக நடந்துவந்தது. 2008-ல், பள்ளியின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று வட பிரதேச அரசு அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. ஆனால் தாய்மொழியில் பாடம் சொல்லித்தர ஆசிரியர்களைத் தேடிப் பயிற்சி தரும் வேலை இன்னும் ஓயவில்லை.

சொந்த நிலத்துக்குத் திரும்புவதுதான் வழி என்று 1970-களிலேயே பல குடும்பங்கள் முடிவெடுத்தன. ஊரைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட சிறு குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே மீனும் காட்டுக் கிழங்கும் கிடைக்கும், மொழியும் நிலைக்கும். ஆனால் மருத்துவமும் பள்ளியும் தூரம். ஊரில் இருந்தால் டாக்டர் பக்கம், வீடு நெருக்கடி. நிலத்தில் இருந்தால் காற்று தாராளம், டாக்டர் தூரம். ஒவ்வொரு குடும்பமும் இந்த இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது.

நமக்கு ஆறு பருவம்போல குன்வின்கு மக்களுக்கும் வருடத்துக்கு ஆறு பருவங்கள். மழை ஓய்ந்து, குளிர்ந்த காற்று வீசும் பருவத்துக்கு 'யெக்கே' என்று பெயர். சாலை காயத் தொடங்கும் நேரம் அது. வனக்காவல் பணியில் உள்ள 'ஜெல்க்' ரேஞ்சர்கள், பின்னால் பெருந்தீ பரவாமலிருக்கப் புல்லைச் சிறுகச் சிறுக எரிக்கப் புறப்படுவார்கள். குடும்பங்களும் வண்டிகளில் ஏறும்.

நிலத்தின் எல்லையில் வண்டி நின்றதும் பெரியவர் ஒருவர் இறங்கி உரக்கக் குரல் கொடுப்பார். "நாங்கள்தான் வந்திருக்கிறோம், இவை எங்கள் பிள்ளைகள்" என்று அங்கே உறையும் முன்னோருக்குச் சொல்லும் வழக்கம் அது. அதை அந்த நிலத்தின் மொழியில்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மொழி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.