பிரசவத்திற்குப் பின் தாயைப் பார்ப்பவர் யார்?

குழந்தை அழுததும் பிரசவ அறையின் கண்கள் அனைத்தும் அதன் பக்கம் திரும்பிவிடுகின்றன. அதன் எடையும் பிறந்த நேரமும் பதிவேட்டில் ஏறுகின்றன. தாயோ பெரும்பாலும் ‘நலம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறாள். செவிலியர் பணியை ஆராயும் எனக்கு, வட இந்திய மாவட்ட மருத்துவமனைக் களப்பணியில் மிகவும் உறுத்திய சொல் அதுவே.

பிரசவத்திற்குப் பிந்தைய முதல் 2 மணி நேரம் ஆபத்து மிகுந்தது. 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு ஆகியவற்றோடு கருப்பை இறுகியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். 500 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ போனால் அது மிகை இரத்தப்போக்கு. விரிப்பில் ஊறும் இரத்தத்தைக் கண் குறைத்தே மதிப்பிடும். தொப்புளருகே அழுத்திப் பார்க்கும் கையோ கருப்பை தளர்வதை உடனே அறியும். இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். அருகில் ஒரு செவிலியர் இருந்தால் போதும். அவரே அடுத்த பிரசவத்தையும் பார்க்க நேரும் இரவுகளில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா பெண்களை மருத்துவமனைக்கு வரச்செய்தது. வீடு திரும்பியபின் 42 நாட்களுக்குள் ஆஷா பணியாளர் 6 முறை வரவேண்டும். இந்த வீட்டு வருகைத் திட்டத்தின் பெயரிலும் பச்சிளங்குழந்தையே இருக்கிறது.

எத்தனை பிரசவங்கள் மருத்துவமனையில் நிகழ்ந்தன என்று எண்ணக் கற்றுவிட்டோம். தாயின் வயிற்றின்மேல் ஒரு செவிலியரின் கை எத்தனை முறை வைக்கப்பட்டது என்பதையும் இனி எண்ணவேண்டும்.