அம்மாளோடு கோவிக்கிற உரிமை

"கடவுளை நம்பு பிள்ளை, எல்லாம் சரிவரும்." இதைச் சொல்லாத பெரியாக்கள் எங்கட ஊரில் இல்லை. ஏ.எல். றிசல்ட் பிழைத்தாலும் இதுதான், விசா வராவிட்டாலும் இதுதான். ஆனால் எல்லாம் சரிவராமலே போன வீடுகளும் எங்கட ஒழுங்கைகளில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் அந்த வீட்டுக்காரரில் கடவுளுக்கு அன்பு குறைவோ? சாவகச்சேரியில் வளர்ந்த எங்களுக்கு இது வெறும் புத்தகக் கேள்வி இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. தாகத்துக்குக் குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணி குடித்த கதையை எல்லா வீட்டிலும் கேட்டிருப்போம். எங்கட பள்ளிக்கூடங்கள், கோயில்கள், வீட்டு விறாந்தைகள் எல்லாம் நிரம்பின. ஐந்து வருசம் போகவில்லை, 2000 மே மாதம் சண்டை சாவகச்சேரிக்குள் வந்தது. இந்த முறை ஓடினது எங்கட சனம். வடமராட்சி, வலிகாமம், வன்னி என்று சிதறிப் போச்சினம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களையும், தலையில்லாத பனைகளையும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளையும்தான்.

"எங்களைக் கடவுள் காப்பாத்திப் போட்டார்" என்று தப்பி வந்தவர்கள் சொல்வதில் பிழையில்லை. அது அவர்களின் நன்றி. ஆனால் அதே சொல், பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவின் காதிலும் விழுகிறது. ஷெல் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பதை வைத்துக் கடவுளின் அன்பை அளக்கத் தொடங்கினால், அந்த அம்மாவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

அப்படி அளக்காத நம்பிக்கை ஒன்று எங்கட ஊரிலேயே இருக்கிறது. பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கோ. வரிசை வரிசையாக அடுப்பு, புகை, பொங்கல் பானை. நினைத்த காரியம் நடந்ததற்கு நேத்தி தீர்க்க வந்தவர்களும் இருப்பினம், ஒன்றுமே நடக்காதவர்களும் இருப்பினம். கொஞ்சம் கிட்டப்போனால் ஆச்சிமாரின் வேண்டுதல் காதில் விழும். "உனக்குக் கண்ணில்லையோ அம்மாளாச்சி? இன்னும் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" ஏச்சுத்தான். ஏசி முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, பானையை இறக்கிப் படைத்து, பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு முதல் பிடி பொங்கலைக் கொடுப்பினம்.

அது நம்பிக்கையில்லாத பேச்சு இல்லை. முன்பின் தெரியாத ஆளோடு யாராவது உரிமையாகக் கோவிப்பினமோ? தன்னில் அன்பு இருக்கிறது என்று தெரிந்த இடத்தில்தான் மனுசர் கோவிப்பினம். கண்பார்வை போன சுந்தரர் சிவனைத் திட்டியே தேவாரம் பாடினார். அவருக்குச் சைவம் கொடுத்த பெயர் தம்பிரான் தோழர். வேதக்கார நண்பர்களின் பைபிளிலும் சங்கீதங்கள் பல முறைப்பாடுகள்தான். யோபு எல்லாவற்றையும் இழந்து கடவுளோடு வழக்காடுகிறார். நண்பர்களோ கடவுள் பக்கம் நின்று அவருக்கு விளக்கம் சொல்கிறார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது யோபுவோடு இல்லை, விளக்கம் சொன்ன நண்பர்களோடு.

சரி, அந்த அன்பை எதில் காண்பது? எங்களுக்குத் தெரிந்த சாட்சி ஒன்றுதான். 1995 இல் முன்பின் தெரியாத சனத்துக்குப் படலையைத் திறந்துவிட்டவர்கள், 2000 இல் தாங்களே வேறு ஊரில் படலையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கேயும் யாரோ திறந்தார்கள். ஒரு பானைச் சோறு இரண்டு குடும்பத்துக்குப் பங்காகியது. ஷெல்லைத் திருப்பிவிடுகிற கையாகக் கடவுளை நினைக்க எங்களால் முடியவில்லை. அந்தச் சோற்றைப் பங்கிட்ட கையில் அவர் இருந்தார் என்பதை எங்களால் நம்ப முடிகிறது.

நல்ல காலத்துக்கும் இதுதான் கணக்கு. கம்பஸ் கிடைத்தால், வேலை கிடைத்தால், அதைக் கடவுளுக்கு நாங்கள்தான் செல்லப்பிள்ளை என்பதற்கு அத்தாட்சியாக எடுக்கவேண்டாம். பானையில் கொஞ்சம் கூடப் பொங்குகிறது, அவ்வளவுதான். பங்கு கேட்டு நிற்கிறவருக்கு அதில் ஒரு பிடி இருக்கிறது.

ஆகவே, விழுந்துபோய் இருக்கிற நண்பருக்கு "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று மெசேஜ் அனுப்புவதை நிப்பாட்டுவோம். போய்ப் பக்கத்தில் இருப்போம். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்போம். அவர் கடவுளை ஏசினால் ஏசட்டும், இடையில் மறிக்கவேண்டாம். கடவுளுக்கு வக்கீலாகப் போக எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

வருகிற பங்குனியில் மட்டுவிலுக்கு வரச் சொல்லி அவரையும் கூப்பிடுங்கோ. கையில் நல்ல செய்தியோடுதான் வரவேணும் என்று அங்கே ஒரு சட்டமும் இல்லை.