கணக்குப்பிள்ளை மேசைக்குக் கால் வைக்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கொஞ்சம் பார்த்துத்தான் நடக்க வேண்டும். கடைக்குள் கொள்ளாத சாமான்கள் வாசல்வரை வந்து உட்கார்ந்திருக்கும். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, சாவி கொடுக்கும் கடிகாரம், ரவிவர்மா படம், பிரம்பு அறுந்த சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை என்று எதன்மீதாவது கால் இடித்துவிடும். சுவரில் சாய்த்து வைத்த பழைய கதவுகள் நிலையோடு அப்படியே நிற்கின்றன. பின்னால் வீடு மட்டும் இல்லை.

மதுரையில் புது ஃபிளாட் வாங்கிய ஒரு தம்பதி, ஒரு கடையில் கணக்குப்பிள்ளை மேசை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மேசை என்றுதான் பெயர். பார்க்கப் பெட்டிபோல இருக்கும். மேல்மூடி சரிவாக இருக்கும். கணக்கு எழுதுபவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடியின்மேல் பேரேட்டை விரித்து எழுதுவார். உள்ளே காசும் கணக்கும் இருக்கும்.

“அண்ணே, இதுக்குக் கால் வச்சுத் தருவாங்களா? லேப்டாப் வைக்கணும். பின்பக்கம் ஒயர் போக ஒரு ஓட்டையும் போடணும்” என்கிறார் கணவர்.

“வைக்கலாம் சார். எதுவும் செய்யலாம். ஆனா ஓட்டை போட்டுட்டா அப்புறம் அடைக்க முடியாதுல்ல?” என்கிறார் கடைக்காரர்.

மனைவிக்குக் கவலை வேறு. புது வீட்டில் சுவரெல்லாம் வெள்ளை. இந்த மேசையோ கன்னங்கரேல் என்று இருக்கிறது. “வெள்ளை பெயின்ட் அடிச்சா நல்லா இருக்குமாண்ணே?”

கடைக்காரர் பதில் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொல்கிறார்.

அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்து பொருள் சேர்த்த காலத்தில், அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கில்தான் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் சாமான்களும் உருவாயின. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்ற பிறகு, அங்கிருந்த நிலங்களும் அரசுடைமையாகிக் கைவிட்டுப் போயின. இங்கே வீடுகள் நின்றன. பராமரிக்கப் பணம் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் ஆனார்கள். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில் என்றிருந்தால் ஓட்டை மாற்றுவது யார்? அப்படி இடிபட்ட வீடுகளின் கதவும் தூணும் கட்டிலும்தான் இந்தத் தெருவுக்கு வந்து சேர்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் இடிப்பு நின்றுவிடவில்லை.

ஆகவே இங்கே ஒரு சாமானை வாங்குபவர், யாரோ ஒருவர் வீட்டின் கடைசித் துண்டைத்தான் வாங்குகிறார். அதற்காகப் பயந்துகொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதில்லை. பழைய தேக்கு புழங்கத்தான் செய்தது. திரும்ப எடுக்க முடிகிற மாற்றமா, எடுக்கவே முடியாத மாற்றமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கத்தை அல்ல. மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இழுப்பறை இருந்தால் முழுக்க வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே பழசுபோல மெருகேற்றிவிடலாம். அடியில் புத்தம்புதுப் பலகையும் பளபளக்கும் ஸ்டார் ஸ்க்ரூவும் இருந்தால், ‘நூறு வருஷப் பழசு’ என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம். சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். ஊசியால் மருந்து ஏற்றிச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் கொண்டுபோனால், பக்கத்தில் இருக்கும் மரச் சாமானுக்கும் ஆபத்து.

அடுத்தது, இந்தக் கறுப்பு. பெரும்பாலும் அது மரத்தின் நிறமே அல்ல. பல வருட எண்ணெய், புகை, கைபட்ட அழுக்கு, பழைய பாலிஷ் எல்லாம் சேர்ந்தது. வெளியே தெரியாத ஒரு மூலையில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்க்கலாம். பிசுபிசுவென்று பழுப்பாகக் கரைந்து வந்தால் அது அரக்கு பாலிஷ். முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை; அழுக்கை எடுத்துவிட்டு அதன்மேலேயே புதிதாக அரக்கு பாலிஷ் ஏற்றிக்கொள்ளலாம். அதில் ஒரே சங்கடம், சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இதை யோசித்தே ஆக வேண்டும்.

பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு இந்தியாவில் கடுமையான வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து வீடெல்லாம் தூசி பறக்கவிடக் கூடாது. ஈரப்படுத்தி, முகக்கவசம் போட்டு, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்தில் தேய்க்க வேண்டும்.

பிரம்பு நாற்காலி கொஞ்சம் எளிது. தொய்ந்திருக்கிறது, ஆனால் அறுந்திருக்கவில்லை என்றால், அடிப்பக்கத்தில் வெந்நீர் ஒற்றி நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் தானே இறுகிக்கொள்ளும். அறுந்திருந்தால் பின்னுகிறவரைத் தேட வேண்டியதுதான்.

ஊஞ்சல் பலகையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். மேலே கொக்கி மாட்ட ஃபிளாட்டின் கூரை தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் பணம் கொடுத்துவிடக் கூடாது. அதே பலகையைக் கனமான இரண்டு முக்காலிகள்மேல் கிடத்தினால் நல்ல பெஞ்சாகிவிடும். சங்கிலி மாட்டும் வளையங்களைக் கழற்ற வேண்டாம். நாளைக்குச் சொந்த வீடு கட்டினால் தேவைப்படும்.

பெரிய சாமான் எதுவானாலும் வீட்டின் லிஃப்ட், படிக்கட்டு வளைவு, வாசல் மூன்றையும் அளந்து எழுதி எடுத்து வருவது நல்லது. இது சொல்லக்கூட வேண்டாத விஷயம்தான். ஆனாலும் வண்டியில் ஏற்றி அனுப்பிய கட்டில், வாசலில் மாட்டிக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது.

டீ வந்துவிட்டது. கடைக்காரர் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, மேசையின் ஓர் ஓரத்தைப் பஞ்சால் துடைக்கிறார். கறுப்பு விலகி, தேன் நிறத்தில் தேக்கின் வரி தெரிகிறது. “இந்தக் கலர் நம்ம வெள்ளைச் சுவருக்கு எடுப்பா இருக்கும்ங்க” என்கிறார் மனைவி, கணவரைப் பார்த்து.

காலுக்கும் வழி கிடைக்கிறது. மேசையில் ஓர் ஆணிகூட அடிக்காமல், அளவெடுத்துத் தனியாக ஒரு மரச் சட்டம் செய்து, அதன்மேல் மேசையைத் தூக்கி வைத்துவிடலாம். ஆசாரிக்கு ஒருநாள் வேலை என்கிறார் கடைக்காரர். வேண்டாமென்றால் மேசை மறுபடி தரைக்கு இறங்கிவிடும். ஒயருக்கு ஓட்டை வேண்டாம். மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கிற சந்திலேயே போகும் என்று தன் செல்போன் சார்ஜரை விட்டுக் காட்டுகிறார்.

மூடியைத் திறந்ததும் உள்ளே பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மசிக் கறை.

“இதையும் தேய்ச்சு எடுத்துரலாம்க்கா.”

“அதத் தொடாதீங்கண்ணே” என்கிறார் அவர். “அது அங்கேயே இருக்கட்டும்.”

கடைக்காரர் பழைய போர்வை ஒன்றைச் சுற்றி மேசையைக் கட்ட ஆரம்பிக்கிறார். கணவர் காரின் பின்சீட்டை அளந்துகொண்டிருக்கிறார்.